முதுகைத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள்: வீட்டா கேள்வி-பதில்

கேள்வி: என்னிடம் பிளேஸ்டேஷன் 4 இருக்கிறது, ஓரளவு நல்ல கம்ப்யூட்டரும் இருக்கிறது. 'வீட்டாவில் மட்டுமே விளையாடக்கூடிய கேம்கள் நிறைய உண்டு' என்று நண்பர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அதற்காக மட்டும் இத்தனை வருடம் கழித்து ஒரு பழைய பிளேஸ்டேஷன் வீட்டாவை வாங்கலாமா?

பதில்: உங்கள் நண்பர் 2013-ல் இதைச் சொல்லியிருந்தால் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டிருப்பேன். சோனியின் கையடக்க கேம் கருவியான வீட்டா ஜப்பானில் 2011 டிசம்பர் 17-ல் வந்தது, மேலை நாடுகளுக்கு 2012 பிப்ரவரியில். அடுத்த இரண்டு வருடங்களில் அதற்கென்றே வந்த கேம்களின் பட்டியல் அசத்தலாகவே இருந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் பாதி இன்று வீட்டை விட்டு வெளியேறிவிட்டது. அதனால் பழைய 'டாப் 10' பட்டியல்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

வெளியேறியவை எவை என்று முதலில் பார்ப்போம். வீட்டாவின் முகம் என்று கொண்டாடப்பட்ட 'பெர்சோனா 4 கோல்டன்' 2020-ல் கம்ப்யூட்டருக்கு வந்தது, 2023 ஜனவரியில் மற்ற கன்சோல்களுக்கும் போய்விட்டது. 'கிராவிட்டி ரஷ்' பிளேஸ்டேஷன் 4-க்கு மெருகேற்றப்பட்டு வந்தது. 'அசாசின்ஸ் கிரீட் 3: லிபரேஷன்' 2014-லேயே டிவியில் விளையாடும் கன்சோல்களுக்குப் போனது. 'வைப்அவுட் 2048' 2017-ல் பிளேஸ்டேஷன் 4-க்கான ஒமேகா தொகுப்பில் சேர்ந்தது. 'ஃப்ரீடம் வார்ஸ்' மட்டும் பத்து வருடம் வீட்டாவிலேயே அடைந்து கிடந்தது. அதுவும் 2025 ஜனவரியில் மறுபதிப்பாக வெளியே வந்துவிட்டது. இவற்றுக்காக வீட்டா வாங்குவது தண்டச் செலவு. உங்களிடம் இருக்கும் கருவிகளிலேயே, இன்னும் நன்றாகவே ஓடும்.

இன்னும் வீட்டாவை விட்டு நகராதவை: 'அன்சார்ட்டெட்: கோல்டன் அபிஸ்', 'கில்ஸோன்: மெர்சினரி', 'சோல் சாக்ரிஃபைஸ்', 'லிட்டில்பிக்பிளானெட்'டின் வீட்டா பதிப்பு, 'ரெசிஸ்டன்ஸ்: பர்னிங் ஸ்கைஸ்', 'யூனிட் 13'. இதில் 'ரெசிஸ்டன்ஸ்' நகராமல் இருப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. எங்கும் கிடைக்காது என்பதாலேயே ஒரு கேம் நல்ல கேம் ஆகிவிடாது.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. வெளியே வந்தது, ஆனால் வரும் வழியில் எதையோ தொலைத்துவிட்டு வந்தது. அதைப் பற்றி அடுத்த கேள்வியில் சொல்கிறேன். உங்கள் முடிவே அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கேள்வி: 'டேர்அவே' வீட்டாவிலும் இருக்கிறது, 'டேர்அவே அன்ஃபோல்டட்' என்று பிளேஸ்டேஷன் 4-லும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே? பெரிய திரையில் வந்ததை வாங்கினால் போதாதா?

பதில்: கதை ஏறக்குறைய ஒன்றுதான், கேம் ஒன்றில்லை.

மீடியா மாலிக்யூல் நிறுவனம் 2013 நவம்பரில் கொண்டுவந்த கேம் இது. உலகம் முழுவதும் காகிதத்தால் ஆனது. நீங்கள் இயக்கும் பாத்திரத்துக்குத் தலைக்குப் பதில் ஓர் அஞ்சல் உறை. அயோட்டா என்றோ அட்டோய் என்றோ ஒரு தூதரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், அவர் உங்களுக்கு ஒரு கடிதம் கொண்டுவரப் புறப்படுகிறார். 'உங்களுக்கு' என்றால் கதையில் வரும் யாருக்கோ இல்லை, கருவியைப் பிடித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு. நிமிர்ந்து பார்த்தால் வானத்தில் சூரியன். அதன் நடுவே முன் கேமரா வழியாக உங்கள் முகம், தலை வாராமல் கண் வீங்கி உட்கார்ந்திருக்கும் அதே முகம், தெரிகிறது.

விஷயம் பின்பக்கத்தில் இருக்கிறது. வீட்டாவின் முதுகில் ஒரு டச் பேட் உண்டு. கேமில் சில இடங்களில் தரை மெல்லிய காகிதமாக இருக்கும். அங்கே கருவியின் பின்பக்கத்தை விரலால் அழுத்தினால், திரையில் காகிதம் கிழிந்து ஒரு விரல் உள்ளே எட்டிப்பார்க்கும். அந்த விரலால் எதிரிகளைத் தள்ளிவிடலாம். கருவிக்குப் பின்னால் உங்கள் நிஜ விரல் இருக்கிற இடமும் திரையில் விரல் முளைக்கிற இடமும் ஒன்றாகப் பொருந்துவதால், கையை உள்ளேயே விட்டுவிட்டோமோ என்று ஒரு நொடி தோன்றும். முதல் தடவை நான் கருவியைத் திருப்பிப் பார்த்தேன், ஓட்டை விழுந்துவிட்டதா என்று. சத்தியமாக.

பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலருக்கு இப்படி ஒரு முதுகு ஏது? அதனால் 2015-ல் வந்த 'அன்ஃபோல்டட்'டில் வேறு வித்தைகள் செய்தார்கள். கன்ட்ரோலரின் விளக்கிலிருந்து ஒளியைப் பாய்ச்சலாம், பொருட்களைத் திரையிலிருந்து கன்ட்ரோலருக்குள் எறியலாம். கெட்டிக்காரத்தனம்தான், மோசம் இல்லை. ஆனால் இது மொழிபெயர்த்த கவிதை. வீட்டாவில் இருப்பதுதான் மூலம்.

அதனால் நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: அந்தக் கேம் வீட்டாவின் உடம்பை நம்பி எழுதப்பட்டதா, இல்லை வேறு எங்கும் கொண்டுபோக யாரும் மெனக்கெடாததால் அங்கேயே தங்கிவிட்டதா? முதல் வகைக்காகக் கருவி வாங்கலாம். இரண்டாவது வகைக்காகக் காத்திருக்கலாம், 'ஃப்ரீடம் வார்ஸ்' வந்த மாதிரி அதுவும் ஒருநாள் வரலாம். இந்த அளவுகோலில் 'கிராவிட்டி ரஷ்' என்னவாகும் என்று கேட்பீர்கள். புவியீர்ப்பைத் திருப்பிப்போட்டு, கருவியைச் சாய்த்துத் திசை பார்த்து விழும் விளையாட்டு அது. ஆனால் பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரிலும் அந்தச் சாய்வு வேலை செய்கிறது. படமும் நொடிக்கு 60 ஃபிரேமில் வழுக்கிக்கொண்டு போகிறது. அதைத் தயங்காமல் பிளேஸ்டேஷன் 4-லேயே விளையாடுங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வீட்டாவும் 'அன்சார்ட்டெட்: கோல்டன் அபிஸ்' கார்டும் சேர்த்து வாங்கினேன். ஓரிடத்தில் ஒரு பழைய தாளைக் காட்டி வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்கிறது. இரவு முழுக்க முயன்றும் நகரவில்லை. கருவி பழுதா? விற்றவரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். 'இரவு முழுக்க' என்று நீங்களே காரணத்தைச் சொல்லிவிட்டீர்கள்.

அந்த இடத்தில் தாளில் மறைந்திருக்கும் எழுத்தைப் படிக்க, கதாநாயகன் நேதன் டிரேக் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். அதை நிஜமாகவே உங்களைச் செய்ய வைக்கிறது கேம். வீட்டாவின் பின் கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. படுக்கையில் விளக்கை அணைத்துவிட்டு விளையாடினால் விடியும்வரை அங்கேயே நிற்க வேண்டியதுதான். எரியும் பல்புக்கு நேரே கருவியின் பின்பக்கத்தைப் பிடியுங்கள், எழுத்து மெல்லத் தெளியும். அப்படியும் நகரவில்லை என்றால் வீட்டாவின் கேமரா செயலியைத் திறந்து பின் கேமராவில் படம் தெரிகிறதா என்று பாருங்கள். கறுப்பாகவே இருந்தால் கேமரா போய்விட்டது. அப்போது திருப்பிக் கொடுக்க உங்களுக்கு முழு நியாயமும் உண்டு.

கேம் எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கருவி வந்த நாளிலேயே பெண்ட் ஸ்டுடியோ வெளியிட்ட கேம் இது. கருவியில் இருக்கும் எல்லா வசதியையும் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் தெரியும். காகிதத்தில் கரித்துண்டால் தேய்த்துப் பிரதி எடுக்க விரலால் தேய்க்க வேண்டும், பாலத்தில் தடுமாறினால் கருவியைச் சாய்க்க வேண்டும், சண்டையில் திரையைக் கோடு கோடாக இழுக்க வேண்டும். புது வீட்டுக்கு வந்தவர்களை அழைத்துக் குளியலறைக் குழாய் வரை திறந்து காட்டுகிற மாதிரி. ஆனால் அந்த வெளிச்சப் புதிரை மட்டும் நான் மன்னித்துவிட்டேன். அதை வேறு எந்தக் கன்சோலில் செய்ய முடியும்?

கேள்வி: கருவி மலிவாகக் கிடைக்கிறது. மெமரி கார்டு விலைதான் தலையைச் சுற்றுகிறது. சாதாரண மைக்ரோ எஸ்டி கார்டு போடக்கூடாதா?

பதில்: வீட்டாவைக் கவிழ்த்த காரணங்களில் முதல் வரிசையில் இருப்பது இதுதான். சோனி தன் சொந்த வடிவத்தில் கார்டு செய்தது. 4 ஜிபி முதல் 64 ஜிபி வரை வந்தன, வேறு எந்தக் கருவியிலும் அவை நுழையாது. கருவி வந்த புதிதில் 32 ஜிபி கார்டு ஒன்றின் விலை, கருவியின் விலையில் ஐந்தில் இரண்டு பங்கு. இப்போது அவை புதிதாகத் தயாராவதும் இல்லை. அதனால் விலை இறங்க வழியே இல்லை.

கேம் கார்டு மட்டும் வாங்கி விளையாடிக்கொள்கிறேன், மெமரி கார்டு வேண்டாம் என்று கணக்குப் போடாதீர்கள். சில கேம்கள் விளையாடிய இடத்தைச் சேமிக்கவே மெமரி கார்டு கேட்கும். வீட்டாவில் 1000, 2000 என்று இரண்டு மாடல்கள் உண்டு. பின்னால் வந்த 2000 மாடலில் உள்ளேயே 1 ஜிபி இருக்கிறது, சேமிப்புக்கு அது போதும். ஆனால் மெமரி கார்டைச் செருகியவுடன் அந்த 1 ஜிபி ஒளிந்துகொள்ளும், இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த முடியாது.

எவ்வளவு வாங்கலாம்? கேம் கார்டுகளே 2 அல்லது 4 ஜிபி அளவில் வந்தவைதான். 16 ஜிபி கார்டில் பெரிய கேம்கள் நான்கைந்து தாராளமாக உட்காரும். நீங்கள் குறிவைப்பதே ஐந்தாறு பிரத்யேக கேம்கள் என்றால் அதற்கு மேல் எதற்கு?

கேம் கார்டு நுழையும் இடத்தில் மைக்ரோ எஸ்டி-யைச் செருகும் மாற்றி ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் கருவியின் மென்பொருள் பூட்டை உடைத்தால்தான் அது வேலை செய்யும். அந்த மாற்றி உள்ளே இருக்கும்வரை கேம் கார்டு போட இடமும் இருக்காது. கார்டில் வாங்கி விளையாட நினைப்பவர்களுக்கு அது சரிப்படாது. 'எல்லாம் ஏற்றித் தருகிறேன்' என்று யாராவது அப்படிப் பூட்டு உடைத்த கருவியை விற்றால், உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். நான் என்றால் வாங்க மாட்டேன்.

கேள்வி: வீட்டாவின் ஆன்லைன் கடையை மூடிவிட்டார்களாமே?

பதில்: மூடப்போவதாக 2021 மார்ச்சில் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது, அடுத்த மாதமே பின்வாங்கினார்கள். ஆனால் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படிக்கட்டை எடுத்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். வெப்சைட்டிலும் மொபைலிலும் வீட்டா கேம்கள் 2020 அக்டோபரிலேயே காணாமல் போயின, கருவிக்குள்ளிருந்துதான் தேட வேண்டும். 2021 அக்டோபரிலிருந்து கருவியில் கிரெடிட் கார்டும் பேபாலும் எடுபடாது. வெப்சைட் வழியாகவோ வேறொரு பிளேஸ்டேஷன் வழியாகவோ வாலெட்டில் முதலில் பணம் ஏற்றி வைத்துக்கொண்டு வீட்டாவில் வாங்க வேண்டும்.

இன்னொரு சிக்கல். உங்கள் கணக்குக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு போட்டிருந்தால், வழக்கமான பாஸ்வேர்டு வீட்டாவில் ஏற்காது. வெப்சைட்டில் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், பழைய கருவிகளுக்கென்று ஒரு தனிப் பாஸ்வேர்டு உருவாக்கி அதை இட வேண்டும். 'பாஸ்வேர்டு தவறு' என்று பத்துத் தடவை வந்து, கருவியைத் தூக்கி எறியப் போனவர்கள் இருக்கிறார்கள்.

'சோல் சாக்ரிஃபைஸ் டெல்டா' உங்கள் பட்டியலில் இருந்தால் இந்தக் கடையைத்தான் நம்ப வேண்டியிருக்கும், மேலை நாடுகளில் அது டவுன்லோடாக மட்டுமே விற்கப்பட்டது. முதல் கேமில் இருந்ததெல்லாம் டெல்டாவிலும் இருக்கிறது, இரண்டையும் வாங்காதீர்கள். இந்தக் கேமைப் பற்றி ஒரு வார்த்தை. முகமும் வாயும் உள்ள ஒரு புத்தகம் உங்களோடு பேசும். வீழ்த்திய ஒவ்வோர் எதிரியையும் காப்பாற்றலாம் அல்லது பலி கொடுக்கலாம். முற்றிலும் நெருக்கடியானால் உங்கள் உடம்பின் ஒரு பாகத்தையே பலியிட்டு மந்திரம் போடலாம். தோலை இழந்தால் அடுத்தடுத்த சண்டைகளிலும் தோலில்லாமல்தான் போக வேண்டும். அதைச் சரிசெய்ய அந்தப் புத்தகத்தின் கண்ணில் வழியும் கண்ணீரை விரலால் துடைத்துச் சேர்த்து வைக்க வேண்டும். இப்படி ஒரு கேமை இன்னும் யாரும் வெளியே கொண்டுவரவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

கேள்வி: இவ்வளவு நல்ல தொடக்கம் இருந்தும் பிரத்யேக கேம்கள் ஏன் சட்டென்று நின்றுபோயின?

பதில்: செய்தவர்களே இல்லாமல் போனார்கள். 'லிட்டில் டீவியண்ட்ஸ்' செய்த பிக்பிக் ஸ்டுடியோ, கருவி மேலை நாடுகளுக்கு வருவதற்கு முன்பே, 2012 ஜனவரியில் மூடப்பட்டது. 'யூனிட் 13' கடைக்கு வந்த அதே மார்ச்சில் அதைச் செய்த ஜிப்பர் ஸ்டுடியோ மூடப்பட்டது. 'வைப்அவுட்' செய்த லிவர்பூல் ஸ்டுடியோ அதே வருடம் ஆகஸ்டில். குழந்தை பிறக்கும்போதே தாதிகளை வேலையை விட்டு அனுப்பிய கதை. மூன்றுமே சோனியின் சொந்த ஸ்டுடியோக்கள் என்பதைக் கவனியுங்கள். போட்டிக்கு நின்டெண்டோ நிறுவனம் தன் கையடக்கக் கருவியான 3டிஎஸ்-ன் விலையைக் குறைத்திருந்தது, கையில் இருந்த நேரத்தை மொபைல் எடுத்துக்கொண்டது, மெமரி கார்டு கதையை மேலே பார்த்தீர்கள். 2013-ல் 'கில்ஸோன்', 'டேர்அவே' என்று பெரிதாகச் செலவழித்ததோடு சோனியின் கை சுருங்கிவிட்டது. 2019 மார்ச்சில் ஜப்பானில் தயாரிப்பும் முடிந்தது.

கேள்வி: 1000 மாடலா, 2000 மாடலா?

பதில்: திரைக்கு 1000, வசதிக்கு 2000. 1000-ல் ஓஎல்இடி திரை, சார்ஜருக்குத் தனி வயர் தேட வேண்டும். 2000-ல் எல்சிடி, சாதாரண மைக்ரோ யுஎஸ்பி வயரே போதும். எடையும் 260 கிராமிலிருந்து 219-க்கு இறங்கியது, பேட்டரியும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். கேம்கள் இரண்டிலும் ஒரே மாதிரிதான் ஓடும், பின்பக்க டச் பேடும் இரண்டிலும் உண்டு. ஓஎல்இடி திரையில் இருட்டான காட்சி வரும்போது திட்டுத்திட்டாகக் கறை மாதிரி தெரிந்தால் பயப்பட வேண்டாம், புதிதிலேயே பல கருவிகளில் அப்படித்தான் இருந்தது. விலை பேச மட்டும் அதைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாங்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பதில்: என் தலையெழுத்தைச் சொல்கிறேன், நீங்கள் தப்பித்துக்கொள்ளுங்கள். நான் வாங்கியது ஒரு தனி நபரிடம். திரை பளிச்சென்று இருந்தது, பட்டன்கள் நன்றாக இருந்தன, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவருடைய கணக்கு அதிலேயே இருந்தது. வீட்டா ஒரு நேரத்தில் ஒரு கணக்கைத்தான் ஏற்கும், மாற்ற வேண்டுமானால் கருவியை முழுக்க அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும். செய்தேன். மெமரி கார்டைச் செருகினால், இது வேறு கணக்குக்குரியது, ஃபார்மேட் செய் என்றது. 'பத்து கேம் உள்ளேயே இருக்கு சார்' என்று சொல்லித்தான் விலையைக் கூட்டியிருந்தார் அந்த மனிதர். பத்தும் போயிற்று. கார்டில் இருக்கும் டவுன்லோடு கேம்கள் விற்பவரின் கணக்கோடு கட்டப்பட்டவை, அவற்றுக்கு ஒரு பைசாகூடக் கூடுதலாகத் தராதீர்கள். தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரே உங்கள் கணக்கைப் போட்ட பிறகு காசை எடுங்கள்.

அப்புறம், 'வெல்கம் பார்க்' என்று ஒரு செயலி கருவியிலேயே இருக்கும். புதிதாக வாங்கியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக வைத்தது, பழையதை வாங்குகிறவர்களுக்குத்தான் அது வரப்பிரசாதம். தொடுதிரை, கேமரா, மைக், சாய்வு எல்லாவற்றையும் குட்டி விளையாட்டுகளாகச் சோதித்துவிடலாம். பின்பக்க டச் பேடை மட்டும் 'டேர்அவே' கார்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பாருங்கள். மூலைகளிலும் நடுவிலும் விரல் முளைக்கிறதா? ஒரு மூலை செத்துப் போயிருந்தாலும் விட்டுவிடுங்கள். நீங்கள் இந்தக் கருவியை வாங்குவதே அதற்காகத்தான்.

கேள்வி: 'கில்ஸோன்: மெர்சினரி'யில் நண்பர்களோடு ஆன்லைனில் மோதலாமா? 'லிட்டில்பிக்பிளானெட்'டில் மற்றவர்கள் செய்த லெவல்கள் கிடைக்குமா?

பதில்: இரண்டுக்கும் இல்லை. முன்னதன் சர்வர்கள் 2022 ஆகஸ்டில் நின்றன, பின்னதன் சர்வர்கள் 2021-ல். தனியாக விளையாடும் கதைப்பகுதி இரண்டிலும் அப்படியே இருக்கிறது. 'கில்ஸோன்' ஒரு கையடக்கக் கருவியில் இவ்வளவு அழகாக ஓடும் என்று பார்க்கும்வரை நம்பமாட்டீர்கள். ஆன்லைன் இல்லாத குறைக்கு, இயந்திர எதிரிகளோடு மோதும் 'பாட்ஸோன்' என்ற கூடுதல் பகுதி விற்பனைக்கு வந்தது. அதை வாங்குவதானால் கார்டு எந்தப் பிராந்தியத்தில் வெளியானது என்று பாருங்கள். வீட்டா கேம் கார்டுகளுக்குப் பிராந்தியப் பூட்டு கிடையாது, எங்கே வாங்கினாலும் ஓடும். கூடுதல் பகுதிகள் மட்டும் உங்கள் கணக்கின் பிராந்தியமும் கார்டின் பிராந்தியமும் ஒன்றாக இருந்தால்தான் சேரும்.

கேள்வி: பிளேஸ்டேஷன் டிவி என்று ஒரு சின்னப் பெட்டி வந்ததே, வீட்டா கார்டை அதில் போட்டு டிவியில் விளையாட முடியாதா?

பதில்: பல கேம்கள் ஓடும். 'டேர்அவே' ஓடாது, 'கோல்டன் அபிஸ்' ஓடாது. அந்தப் பெட்டிக்கு முதுகும் இல்லை, கண்ணும் இல்லை.